அட்டை இன்னொரு ஜாதகம் ஆகலாமா?

அரிவாள் செல் ரத்தசோகையை ஒழிக்கும் தேசியத் திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியது. 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேருக்கு ரத்தப் பரிசோதனை, 2047-க்குள் ஒழிப்பு என்பது இலக்கு. முடிவை ஓர் அட்டையில் எழுதித் தருகிறார்கள். அதைப் படிக்கச் சொல்லித்தரப்போவது யார் என்பதே இப்போதைய கேள்வி.

இந்தியாவில் இந்த நோய்க்கான மரபணுக் கூறு முதன்முதலில் பதிவானது நீலகிரிப் பழங்குடியினரிடம், 1952-ல். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாம் இடத்தில் குளுட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும்; வேலின் வந்து உட்கார்ந்துவிடுகிறது. இவ்வளவுதான் பிழை. ஆனால் ஆக்சிஜன் குறைந்தால் வட்டமான சிவப்பணு அரிவாளாக வளைந்து, நுண்குழாய்களை அடைத்து, கடும் வலியில் ஆளைச் சாய்த்துவிடும்.

தாய் வழியாக ஒன்றும் தந்தை வழியாக ஒன்றுமாக மரபணு இரண்டு பிரதிகளாக வருகிறது. இரண்டும் பிழையானால் நோய். ஒன்று மட்டும் பிழையானால் அவர் கூறைச் சுமப்பவர். பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். கடுமையான மலேரியாவிலிருந்து அவருக்குப் பாதுகாப்பும் உண்டு. காய்ச்சல் மிகுந்த காடுகளில் இந்தக் கூறு நிலைத்ததன் ரகசியம் அது.

சுமப்பவர் இருவர் மணந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. ‘மூத்ததுக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகள் தப்பும்’ என்பது தப்புக்கணக்கு. ஒவ்வொரு முறையும் காசு புதிதாகத்தான் சுண்டப்படுகிறது.

1970-களில் அமெரிக்காவின் பல மாநிலங்கள் கறுப்பின மக்களிடையே இந்தப் பரிசோதனையைக் கட்டாயமாக்கின. விளக்கம் சொல்ல ஆளில்லை. சுமப்பவர்களை நோயாளிகளாக எண்ணி வேலையும் காப்பீடும் மறுத்தார்கள். இங்கே அந்த அடி கல்யாணப் பேச்சில் விழும். அதுவும் பெண் மேல்தான் முதலில் விழும். ‘ஒழிப்பு’ என்ற சொல்லே அதற்கு வழிவிடுகிறது. ஒழிய வேண்டியது நோயின் துயரம். கூறைச் சுமக்கும் மனிதர்கள் அல்லர்.

எனவே, பரிசோதனை முகாமுக்குச் செலவிடும் அக்கறையில் பாதியாவது ஆலோசனைக்குக் கிடைக்க வேண்டும். அந்தந்த ஊரின் பேச்சில் விளக்கத் தெரிந்தவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்க வேண்டும். நோயாளிகளுக்கான ஹைட்ராக்ஸியூரியா மாத்திரையும் அங்கேயே தடையின்றிக் கிடைக்க வேண்டும். ஒருவர் சுமப்பவராக இருந்தாலும் இணையின் இரு பிரதிகளும் சரியாக இருந்தால் பிள்ளைக்கு இந்த நோய் வராது. அட்டை வீட்டுக்குப் போகும்போது இந்த ஒரு வாக்கியமும் கூடவே போகட்டும்.