மாற்று என்ஜின் தேடுதல்

யந்திரம் ஒன்று பழுதுற்றவிடத்து அதனை எறிந்துவிட்டு வேறொன்று வாங்குக என்பது இந்நாளைய வழக்கு. அவ்வழக்கு எல்லாவிடத்தும் பொருந்துவதன்று என்பது எம் கருத்து. தமிழிலக்கியம் பயிலும் எமக்கு மோட்டார் என்ஜினைப்பற்றி எழுதும் தகுதி யாது என அன்பர் சிலர் நகைக்கக்கூடும். சென்ற கோடை விடுமுறை முழுவதும் எம் மாமாவுடன் ஓர் என்ஜினைத் தேடி அலைந்தோம். அவ்வலைச்சலே எமது தகுதி.

எம் இல்லம் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டைக்கு அணித்தேயுள்ளது. மாமா வைத்திருப்பது 2007-ஆம் ஆண்டின் லான்சர் செடியா. விரைந்தோடும் இயல்பினது, இந்திய ராலிப் பந்தயங்களில் ஓடிப் பெயர்பெற்ற இனத்தது. இவ்வண்டி கடல் கடந்து வந்ததன்று. எம்மூரிலிருந்து சில கல் தொலைவிலுள்ள அதிகத்தூரில், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் ஜப்பானிய மிட்சுபிஷியாரின் தொழிற்றுணையோடு 1998-இல் லான்சரையும், 2006-இல் செடியாவையும் வெளியிட்டனர். அவற்றின் உற்பத்தி பின்னர் நின்றது. அவ்வாலையிலே சிலகாலம் இசூசு வண்டிகள் கட்டப்பெற்றன. 2016-இல் இசூசுவாரும் ஸ்ரீசிட்டியில் தமக்கென ஆலை திறந்தனர். பிறந்த ஊரிலேயே உறுப்புக் கிடையாத வண்டியாயிற்று செடியா.

ஒருநாள் நெடுஞ்சாலையில் ரேடியேட்டர்க் குழாய் வெடித்து நீர் முழுதும் வடிந்தது. மாமா வண்டியை நிறுத்துமுன் என்ஜின் கொதித்துவிட்டது. அலுமினிய ஹெட் வளைந்தது; சிலிண்டர்ச் சுவர்களிற் கீறல் விழுந்தது. கண்டோர் அனைவரும், "வேறு என்ஜின் போட்டுவிடுங்கள்" என்றே கூறினர். யாமும் அதனையே நம்பிப் புறப்பட்டோம்.

பழைய உறுப்புகளுக்குப் பேர்போன சென்னைப் புதுப்பேட்டையிலும் பிறவிடங்களிலும் எமக்கு மூவகை என்ஜின்கள் காட்டப்பெற்றன. முதலாவது, எண் பொறித்த இடம் அரத்தால் தேய்க்கப்பட்டது. விலை மலிவு, ஆயின் அஃது எவருடைய வண்டியினின்று வந்ததென்பதை விற்போர் சொல்லவில்லை. என்ஜினின் எண் பதிவுச் சான்றிதழில் உள்ளது. என்ஜினை மாற்றியவர் பதினான்கு நாட்களுக்குள் பதிவதிகாரிக்கு அறிவித்தல் வேண்டுமென 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கூறுகின்றது. எண்ணில்லாததை எங்ஙனம் அறிவிப்பது?

இரண்டாவது ஜப்பானிலிருந்து வந்தது. செடியாவின் என்ஜினுக்கு 4ஜி94 என்பது பெயர். 1999 கன சென்டிமீட்டர் கொள்ளளவினது. இதற்கும் அப்பெயரே. மாமா மகிழ்ந்து முன்பணமுங் கொடுத்துவிட்டார். பின்னரே உண்மை விளங்கிற்று. ஜப்பானிய வண்டிகள் சிலவற்றில் அதே பெயருடைய என்ஜின், பெட்ரோலைச் சிலிண்டருக்குள் நேரே பீய்ச்சும் ஜிடிஐ முறையில் அமைந்தது. எம் வண்டியிலோ பெட்ரோல் உட்புகு குழாயிலே காற்றோடு கலக்கின்றது. ஆகவே ஹெட் வேறு, எரிபொருட் பம்பு வேறு, ஆளுங் கணினி வேறு. பெயர் ஒன்றே, பொருள் வேறு. கொடுத்த முன்பணம் திரும்பவில்லை.

மூன்றாவது முற்றிலும் வேறொரு கம்பெனியின் என்ஜின். தாங்கும் இடங்களை வெட்டி ஒட்டிப் பொருத்தித் தருவதாகச் சொன்னார்கள். 1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர், ஒரு பிரதியில் சிதைந்ததை வேறு பிரதிகளில் தேடியலைந்தாரேயன்றித் தம் கற்பனையால் இட்டு நிரப்பினாரல்லர். அயல் என்ஜினை வெட்டியொட்டிப் பொருத்துதல் எமக்கு இடைச்செருகலாகவே தோன்றிற்று. எடையும் சமநிலையும் மாறிய வண்டி, பழைய பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் எங்ஙனம் பணியும் என்பதை உறுதிகூறுவார் ஒருவருமிலர்.

மனமுடைந்து மீண்ட எம்மைக் காக்களூரிலேயே ஒரு லேத் பட்டறை முதியவர் தடுத்து நிறுத்தினார். அவர் செய்த முதற்செயல், நூறு கல் சுற்றிவந்த யாம் செய்யாதது: பழைய என்ஜினைக் கழற்றி அளந்தார். "தம்பி, இரும்பு சாகவில்லை, தேய்ந்திருக்கிறது. தேய்ந்ததற்கு மருந்துண்டு" என்றார். சிலிண்டரின் குறுக்களவு 81.5 மில்லிமீட்டர். அதனை 82 ஆகப் போர் செய்து, அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன்களை இடலாம். கிராங்க்கைக் கடைந்து அதற்கேற்ற பேரிங் அமைக்கலாம். ஹெட்டின் முகத்தைச் சமன்செய்யலாம். இவையனைத்தும் எம் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே நடைபெறுந் தொழில்கள்! எண் மாறவில்லை, சட்டச் சிக்கலுமில்லை.

ஆயினும் பட்டறை வேலை பன்னிரண்டு நாளில் முடிய, பிஸ்டனுக்கும் ஒரு கேஸ்கெட்டுக்குமாக நாற்பது நாள் காத்திருந்தோம். எம் வழக்கின் உயிர்நிலை இதுவே. கையிருந்தது, கருவியிருந்தது, அறிவுமிருந்தது; உறுப்பொன்றே இல்லை. வண்டியை விற்றவர், உற்பத்தியை நிறுத்திய நாளோடு தம் கடமையும் முடிந்ததென எண்ணுதல் முறையாகுமா? 2022 டிசம்பரில் இந்திய அரசினர் பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையவாயில் ஒன்று திறந்தனர். மோட்டார் வாகனங்களும் அதனுள் அடங்கும். நன்று. ஆனால் செய்தி தருதல் வேறு, உறுப்புத் தருதல் வேறு. உற்பத்தி நின்றபின் இத்தனை ஆண்டு உறுப்புகள் வழங்கவேண்டும், அதன்பின் அவற்றின் அளவுகளையும் படங்களையும் சிறு பட்டறைகளுக்கு வெளியிடவேண்டும் என்று சட்டமே விதித்தல் தகும். படம் கிடைத்தால் அக்கேஸ்கெட்டைக் காக்களூரிலேயே வெட்டியிருப்பர்.

பழைய வண்டிகள் காற்றைக் கெடுப்பன, அவற்றை அழித்தலே நன்று என்பாருமுளர். கெடுப்பதை அழிக்க யாமும் உடன்படுகின்றோம். ஆயின் ஆண்டு ஒன்றே சான்றாகாது, ஆய்வே சான்று. மாமாவின் வண்டி 2022-இல் பதினைந்தாண்டு நிறைந்து, தகுதியாய்வுக்குப்பின் ஐந்தாண்டுப் பதிவு பெற்றது. சீர்செய்யப்பெற்றபின் அதன் புகையும் சோதனையில் தேறிற்று. தேய்ந்த வளையங்களோடு எண்ணெயை எரித்து நீலப்புகை கக்கும் புதுவண்டியினும், நன்கு பேணிய பழவண்டி காற்றுக்கு நண்பனே.

ஆகலின் மாற்று என்ஜின் தேடுவோர்க்கு எம் வேண்டுகோள் இது: முதலில் உள்ளதை அளந்து பாருங்கள். அது தேறாதெனில் எண்ணும் சான்றும் உடையதை, பெயரை மட்டுமன்றி உறுப்புறுப்பாய் ஒப்புநோக்கி வாங்குங்கள். அயலினத்தை வெட்டியொட்டுதல் வேண்டா.

எம் கல்லூரிப் பழைய மாணவருட் பலர் இன்று மோட்டார்த் தொழிலில் பொறுப்பான பதவிகளில் உள்ளனர். தாங்கள் வெளியிடும் வண்டி இருபதாண்டுக்குப்பின் யாரிடம் இருக்கும், அதற்கு ஒரு கேஸ்கெட் எங்கே கிடைக்கும் என்பதை அவர்கள் இன்றே எண்ணுவார்களாக. செடியா இப்பொழுது ஓடுகின்றது. அடுத்த முறை பழுதுறுங்கால் அதன் உறுப்புக்கு நாற்பது நாளா, நானூறு நாளா என்பது எம் மாமாவின் கையிலும் இல்லை, அம்முதியவர் கையிலும் இல்லை.