சப்பாத்தும் கரப்பானும்

யூபிலி மலரிற் பேசுதற்கேற்ற பொருளோ இது என வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். எனினும், இருபது ஆண்டுகளாக மாணாக்கரின் காலைப் பார்த்துத் தீர்ப்பளித்த ஆசிரியன் ஒருவன், தன் தீர்ப்பொன்று பிழைத்ததை மறைத்தல் முறையன்று.

சில ஆண்டுகளின் முன் எட்டாம் வகுப்பு மாணவனொருவன் நாள்தோறும் செருப்புடன் வந்தான். விதி விதியே எனக் காலைப் பிரார்த்தனையின்போது அவனை வரிசைக்குப் புறத்தே நிறுத்தினேன். அவனுக்குக் குழந்தைப் பருவந்தொட்டுக் கரப்பான். எக்ஸிமா என மருத்துவர் வழங்குவது. முழங்கை மடிப்பில் இருந்த நோயே பாதத்திலும் பரவிற்று என அனைவரும் எண்ணினோம். வீட்டார் கத்தரிக்காயை நிறுத்தினர். நண்டையும் இறாலையும் நிறுத்தினர். கிரந்தி என்று நம்மவர் ஒதுக்கும் யாவும் ஒதுக்கப்பட்டன. பையன் மெலிந்ததுதான் கண்ட பயன். வாய்க்குட் செல்வதை இத்துணை ஆராயும் நாம், தோலைத் தொடுவதை ஆராய்வதில்லை.

தோல்நோய் மருத்துவர் ஒருவர் அவன் காலை நோக்கிய முறை எனக்கே பாடமாயிற்று. விரலிடுக்குகள் செவ்வையாயிருந்தன, பெருவிரலின் மேலும் புறவடியிலுமே புண். பூஞ்சணமாயின் பெரும்பாலும் விரலிடுக்கிலன்றோ தொடங்கும்! ஐயந்தீரப் பல பொருள்களைச் சிறு ஒட்டுக்களாக முதுகிலே ஒட்டி, இரண்டு நாளில் நீக்கி, பின்னும் இரண்டு நாள் கழித்துப் பார்த்தனர். 1895 இல் யடாசோன் என்னும் ஜேர்மானிய மருத்துவர் வெளிப்படுத்திய சோதனை இது. குரோமியம் வைத்த இடம் சிவந்து தடித்திருந்தது. சப்பாத்துத் தோலைப் பதனிட வழங்கும் பொருள் அது. வியர்வையிற் கரைந்து காலிற் சேரும்.

நம் மயக்கத்துக்குக் காரணம் ஒன்றுண்டு. இவ்வகை ஒவ்வாமை தொட்டவுடன் தோன்றுவதன்று. ஒருநாள் இருநாள் கழித்தே அரிக்கும். திங்களன்று அணிந்த சப்பாத்தின் பழி செவ்வாயிரவு உண்ட கத்தரிக்காய்மேல் விழுகிறது. “முன்பு ஒன்றுஞ் செய்யவில்லையே” என்பதும் விடையாகாது. பலகாலம் பொறுத்த பொருளையே உடல் ஒருநாள் பகையெனக் கொள்ளும். கரப்பானுடையார் பலர்க்கோ தோலின் வேலியே தளர்ந்தது. அவ்வேலிக்கு வேண்டிய ஃபிலாகிரின் என்னும் புரதத்தின் மரபணுக்குறை அவருட் பலரிடம் உண்டென்பது 2006 இல் தெரியவந்தது. வெடித்த தோலிற் பூசும் மருந்தே பகையாவதும் உண்டு. நியோமைசின் கலந்த களிம்பும் வாசனைத் தைலமும் இவ்வாறு கெடுதல் செய்யவல்லன. ஆறவில்லையே என்று மேலும் பூசுவோம், பூசப்பூச வளரும். கொப்பூழின் கீழே மாறாத தடிப்பிருந்தால் இடுப்புப்பட்டிக் கொளுக்கியின் நிக்கலை ஐயுறுக.

கரப்பான் யாவும் இதனால் வருவதென்று யான் சொல்லவில்லை. மருந்தை வீசுக என்றுஞ் சொல்லேன். ஓரிடத்திலேயே மூளும் புண்ணையும், மருந்திட மிகும் புண்ணையும் மருத்துவரிடம் காட்டி இச்சோதனை வேண்டுமோ எனக் கேட்க வேண்டுமென்பதே என் கருத்து.

யூபிலி நினைவாக மாணாக்கர் அனைவர்க்கும் ஒரேவகைத் தோற்சப்பாத்து வழங்கப் பழைய மாணவ அன்பர் சிலர் எண்ணியுள்ளனர் என அறிகிறேன். நல்லெண்ணம்தான். வாங்குமுன் வகுப்பாசிரியரை ஒரு சொற் கேட்பின், இத்தகைய பிள்ளைகளுக்கு ஏற்றதை வேறாக வாங்கலாம். மருத்துவர் கூறின் துணிச்சப்பாத்து ஏற்கப்படும் என்னும் ஒருவரி கல்லூரி விதியிலும் ஏறவேண்டும். ஒழுங்கு குலையும் என்பாருளர். நிறம் ஒன்றாயின் எட்ட நிற்பவர்க்கு வேறுபாடே தெரியாது.

அம்மாணவன் இப்பொழுது கறுப்புத் துணிச்சப்பாத்தணிந்து வருகிறான். அவனை மீட்டும் வரிசையிற் சேர்த்த அன்று, முன்னர்ப் புறத்தே நிறுத்தியது என் பிழையென வகுப்பின்முன் சொன்னேன். அவன் அதனைப் பெரிதாகக் கொண்டதாகத் தெரியவில்லை. வீட்டிலே கத்தரிக்காய்க் குழம்பு மீண்டுங் கிடைத்த மகிழ்ச்சியே அவனுக்குப் பெரிதாயிருந்தது.