பாட்டியை வீட்டுக்குக் காவல் வைக்காதீங்க!

ஞாயிற்றுக்கிழமை வந்தாலே 'எங்கே போகலாம்?' என்று வீட்டில் பட்டிமன்றம். கடைசியில் ஜெயிப்பது ஏதாவது ஒரு ஷாப்பிங் மால்தான். "கூட்டத்துல உங்களால முடியாதும்மா, டி.வி. பாருங்க" என்று பாட்டியை மட்டும் விட்டுவிட்டுக் கிளம்புகிறோம். எனக்கு இது சரியாகப் படவில்லை.

நடக்காத காலில் தசை வற்றும். அப்புறம் பாத்ரூம் போவதற்கே சுவரைப் பிடிக்க வேண்டியதுதான். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலுழைப்பு தேவை, கீழே விழாமலிருக்க 3 நாளாவது தடுமாற்றத்தைத் தடுக்கும் பயிற்சிகளும் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கிறது.

பேட்டைக்குள்ளேயே வழி இருக்கிறது. மயிலாப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பூங்கா (அமிர்தாஞ்சன் தைலத்தைத் தந்த அதே மனிதரின் பெயர்தான்!). நடக்க நிழல், களைத்தால் உட்கார பெஞ்ச். சாயங்காலமென்றால் கபாலி கோயில் மாட வீதிகள். நவராத்திரி சமயத்தில் வடக்கு மாட வீதி முழுக்கக் கொலு பொம்மைகள். ஜனவரியில் மயிலாப்பூர் திருவிழா வந்தால் தெருவிலேயே கோலப் போட்டி. பாட்டி புள்ளி வைக்கிற வேகம் பேத்திக்கு வருமா, சொல்லுங்க? அறுபத்து மூவர் நெரிசலுக்கு மட்டும் வயதானவர்களை இழுத்துப் போக வேண்டாம்.

முதல் வாரம் பத்து நிமிஷம் போதும். மூட்டுவலி, இதயக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வழுக்காத செருப்பு, தண்ணீர் பாட்டில், கைபிடிக்கப் பேரன். காலை நடையென்றால் வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள்.