மலைச்சரிவில் ஓர் அரச தோட்டம்



"பிர்தௌஸ்" என்று நாம் துஆவில் கேட்கிறோமே, அந்தச் சொல்லின் வேர் பழைய பாரசீக மொழியில் இருக்கிறது. சுவர் சூழ்ந்த தோட்டம் என்பது அதன் பொருள். வறண்ட மண்ணில் வாழ்ந்த பாரசீக மக்களுக்கு நிழலும் ஓடும் நீரும் பெரும் பாக்கியமாக இருந்தன. அவர்களுடைய மன்னர்கள் தோட்டத்தை நீர்க்கால்களால் நான்காகப் பிரித்து, நடுவே மண்டபம் எழுப்பினார்கள். இந்த அமைப்புக்கு "சார் பாக்", அதாவது நான்கு தோட்டம் என்று பெயர். சுவனத்தில் நீர், பால், மது, தேன் என நான்கு வகை ஆறுகள் ஓடுவதாகக் குர்ஆன் சொல்வதை இது முஸ்லிம்களுக்கு நினைவூட்டியது.

இந்தக் கலை மொகலாயர்களோடு இந்தியாவுக்கு வந்தது. 1619ஆம் ஆண்டு ஜஹாங்கீர் மன்னர் காஷ்மீரின் ஸ்ரீநகரில், தால் ஏரியை அடுத்து ஷாலிமார் தோட்டத்தை அமைக்கத் தொடங்கினார். அவருடைய துணைவி நூர்ஜஹான், பிழைப்புத் தேடிப் பாரசீகத்திலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட ஒரு குடும்பத்தின் மகள். வரும் வழியில் கந்தஹாரில் பிறந்தவர்.

பாரசீகத் தோட்டங்கள் பல சமவெளியில் இருந்தன. ஷாலிமாரோ நம் பதுளை, ஹப்புத்தளைப் பக்கம் போல மலையடிவாரத்தில் இருக்கிறது. மொகலாயர் அந்தச் சரிவையே பயன்படுத்திக்கொண்டார்கள். நிலத்தைத் தட்டுத் தட்டாக வெட்டி, மேலிருந்து வரும் நீரை நடுவே கால்வாயாக இறக்கினார்கள். இயந்திரம் எதுவும் இல்லை; உயரத்திலிருந்து வரும் நீரின் வேகமே நீரூற்றுகளைப் பீறிட வைத்தது.

கீழ்த்தட்டில் மன்னர் மக்களைச் சந்திக்கும் மண்டபம். அங்கே நீர்வீழ்ச்சிக்கு மேலே கரும் பளிங்கு ஆசனம். அடுத்தது பிரமுகர்களுக்கான தட்டு. எல்லாவற்றுக்கும் மேலே பெண்களின் பகுதி. அங்கே ஷாஜஹான் காலத்தில் எழுந்த கரும் பளிங்கு மண்டபத்தைச் சுற்றி நீரூற்றுகள். நீர் விழும் சுவர்களில் சின்னச் சின்ன மாடங்கள். பகலில் அவற்றில் பூச்சாடிகள், இரவில் விளக்குகள். விழும் நீர்த்திரைக்குப் பின்னால் ஒளி அசைவதைச் சற்று நினைத்துப் பாருங்கள்!

அருகிலுள்ள நிஷாத் தோட்டத்தைப் பற்றி ஒரு கதை வழங்குகிறது. அதைக் கட்டியவர் நூர்ஜஹானின் சகோதரர் ஆசிப்கான். அதன் அழகைக் கண்டு பொறாமை கொண்ட ஷாஜஹான், அதற்கு வரும் நீரை நிறுத்தும்படி உத்தரவிட்டாராம். சில நாட்களில் தோட்டம் வாடியது. எஜமானின் துயரம் தாங்காத ஓர் ஊழியன், துணிந்து மடையைத் திறந்துவிட்டானாம். கதை எப்படியோ போகட்டும். மேட்டிலிருப்பவர் மடையை அடைத்தால் பள்ளத்திலிருப்பவர் வாடுவார் என்பது மலையில் வாழும் நமக்குப் புதிதல்ல.

மதீனாவில் நீர்ப்பாசனம் பற்றி இரு தோழர்களுக்கிடையே வழக்கு வந்தபோது, மேட்டு நிலத்துக்காரரான ஸுபைர் (ரலி) அவர்களிடம், பாய்ச்சிய பின் அயலவருக்கு நீரை விடும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். தேவைக்கு மிஞ்சிய நீரைத் தடுத்து வைப்பதையும் அவர்கள் கண்டித்தார்கள்.

சகோதரிகளே! நம் தோட்டப்புறங்களில் ஒரே பீலியை நம்பிப் பல லயங்கள் இருக்கின்றன. குடத்தோடு வரிசையில் நிற்பது பெரும்பாலும் பெண்களே. மேல் வீட்டில் தொட்டி நிரம்பி வழிகையில் கீழ் வீட்டில் சோறு வடிக்கவும் தண்ணீர் இல்லையென்றால், அது அமானிதத்தில் வரும் குறையல்லவா? நிறைந்ததும் குழாயை மூடுங்கள். குப்பையைக் கானில் கொட்டாதீர்கள். 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை நாம் மறந்துவிடவில்லை. மழைநீர் போக வழியிருப்பது மலைவாசிகளுக்கு உயிர்ப் பிரச்சினை.

ஜஹாங்கீர் 1627இல், காஷ்மீரிலிருந்து திரும்பும் வழியிலேயே இறந்தார். நூர்ஜஹான் பதினெட்டு ஆண்டுகள் விதவையாக வாழ்ந்து, 1645இல் லாகூரில் மறைந்தார். கட்டியவர்கள் போய்விட்டார்கள், ஷாலிமாரில் இன்று யார் பிள்ளைகளோ ஓடி விளையாடுகிறார்கள். நாம் அயலவருக்குத் திறந்துவிட்ட தண்ணீர் மறுமையில் நமக்காகப் பேசும், இன்ஷா அல்லாஹ். அந்தப் பிர்தௌஸை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக, ஆமீன்.