தண்ணி மேல பழி போடாதீங்க சாமி

குப்பத்தில் இருந்தவரை எங்கள் தெருவில் யாருக்கு முடி கொட்டினாலும் காரணம் ஒன்றுதான்: போர் தண்ணி. கடல் தாண்டி வந்து பார்த்தால் நம் சனங்கள் இங்கேயும் தண்ணியைத்தான் திட்டுகிறார்கள். இங்கே குளோரின் தண்ணியாம். துபாய்க்காரரைக் கேட்டால் கடல் தண்ணியைச் சுத்தம் பண்ணிக் கொடுக்கிறான், அதனால்தான் என்கிறார். அப்படியென்றால் முடி கொட்டாத தண்ணி உலகத்தில் எங்கேதான் ஓடுகிறது? அதே தண்ணியில் குளிக்கிற அக்காவுக்கு ஏன் நெற்றி ஏறவில்லை? நமக்கே பின்னந்தலையில் மட்டும் முடி ஏன் அசையாமல் நிற்கிறது? அங்கே என்ன மினரல் வாட்டரா ஊற்றுகிறோம்?

காரணம் ஆண் ஹார்மோன். இது நேற்றுக் கண்டுபிடித்ததும் இல்லை. 1942-லேயே ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்கர் எழுதி வைத்துவிட்டார். வயதுக்கு வருமுன் விதை இழந்த ஆண்களுக்குச் சொட்டை விழுவதில்லை. அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால், குடும்பத்தில் சொட்டை இருப்பவர்களுக்கு மட்டும் முடி கொட்ட ஆரம்பித்தது. ஊசியை நிறுத்தினால் கொட்டுவது நின்றது, போனது திரும்பவில்லை. ஆக ஹார்மோனும் வேண்டும், வம்சமும் வேண்டும். அந்த வம்சத்தில் அம்மா வழிக்குப் பெரிய பங்கு உண்டு. ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, அது அம்மாவிடமிருந்துதான் வருகிறது. அதற்காகத் தாத்தாவை மட்டும் திட்ட வேண்டாம், அப்பா வழி மரபணுக்களும் நிறையவே சேர்கின்றன :-)

அடுத்த துப்பு 1974-ல் டொமினிகன் குடியரசிலிருந்து வந்தது. ஜூலியான் இம்பெரட்டோ மெக்கின்லி என்ற டாக்டரும் அவர் குழுவும் அங்கே ஒரு கிராமத்துக் குடும்பங்களைப் பற்றி எழுதினார்கள். பிறக்கும்போது பெண் என்று நினைத்து வளர்க்கப்பட்ட சில குழந்தைகள் பருவ வயதில் ஆண்களாக வளர்ந்தார்கள். டெஸ்டோஸ்டிரோனை டிஎச்டி என்ற இன்னும் வீரியமான ஹார்மோனாக மாற்றும் நொதி அவர்களிடம் குறைவு. பெரியவர்களான பிறகு பார்த்தால் புராஸ்டேட் சின்னது, தலையில் சொட்டையும் கிடையாது. அந்த நொதியைத் தடுக்கும் மாத்திரைதான் ஃபினஸ்டெரைடு. அமெரிக்காவில் 1992-ல் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம், 1997-ல் சொட்டைக்கு 1 மில்லிகிராம் என்று அனுமதி கிடைத்தது. ரத்தத்தில் டிஎச்டியை ஏறக்குறைய 70 சதம் குறைக்கும். பலன் தெரிய குறைந்தது 3 மாதம். நிறுத்தினால் ஒரு வருடத்துக்குள் பழைய கதைதான்.

இதே டிஎச்டிதான் தாடியையும் வளர்க்கிறது. முகத்தில் உரம், உச்சந்தலையில் விஷம். பின்னந்தலை அதைக் கண்டுகொள்வதே இல்லை, அதனால்தான் அங்கிருந்து எடுத்து நடுகிறார்கள்.

எண்ணெய் விளம்பரங்களுக்கு வருகிறேன். எந்த மூலிகையைக் காய்ச்சித் தடவினாலும் வம்சத்தில் வந்த சொட்டை நிற்காது. மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பதும் அப்படித்தான். திருமலையில் கல்யாணகட்டா நாவிதர் எடுப்பது தோலுக்கு மேலே இருக்கிற முடியை, வேர் உள்ளேதான் இருக்கிறது. அந்த முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடும், ஏழுமலையானுக்கு வருமானம். நமக்குப் புண்ணியம், அவ்வளவே.

இவ்வளவு ஆத்திரம் ஏன் என்றால், என் சித்தப்பா பையன். குப்பத்திலிருந்து தினமும் ரயிலில் பெங்களூர் போய் வருகிறான். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று பெண் வீட்டார் அவன் தலையைப் பார்த்துவிட்டு ஜாதகம் பொருந்தவில்லை என்றார்கள். தெலுங்கில் பட்டதல, தமிழில் சொட்டை. எங்கள் ஊரில் இரண்டு பாஷையிலும் கிண்டல் இலவசம். பயல் யாரிடமும் சொல்லாமல் மருந்துக்கடையில் 5 மில்லிகிராம் மாத்திரை வாங்கினான். சீட்டு யாரும் கேட்கவில்லை. காசு மிச்சம் என்று பிளேடால் நாலு துண்டாக வெட்டிச் சாப்பிட்டான். கல்யாணத்துக்கு அப்புறமும் விடவில்லை.

ஒரு நாள் வீடியோ காலில் பேசிக்கொண்டிருக்கிறேன். அவன் மனைவி அடுப்படியில் உட்கார்ந்து அந்த மாத்திரையை வெட்டி டப்பாவில் போடுகிறாள். மூன்றாவது மாதம்! எனக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. வயிற்றில் ஆண் குழந்தை இருந்தால் அதன் பிறப்புறுப்பு உருவாவதற்கு டிஎச்டி வேண்டும், அதுவும் சரியாக அந்த மாதங்களில். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடக்கூடாது என்று மருந்துத் தாளிலேயே அச்சடித்திருக்கிறது. முழு மாத்திரைக்கு மேல்பூச்சு உண்டு, வெட்டினால் அந்தப் பாதுகாப்பு போச்சு.

"டேய், அதை அவ கையிலிருந்து வாங்குடா" என்று கத்தினேன். "தலைக்குத்தாண்ணா, சத்து மாத்திரை மாதிரி" என்றான்.

மருந்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆண்மை போய்விடும் என்று பயம் காட்டுகிற கோஷ்டியோடும் நான் சேரமாட்டேன். முதல் வருட ஆய்வில் பாலியல் தொல்லை சொன்னவர்கள் மருந்து சாப்பிட்டதில் 3.8 சதம், வெறும் மாத்திரை சாப்பிட்டதில் 2.1 சதம். ஆனால் சிலருக்கு நிறுத்திய பிறகும் தொல்லை தொடர்கிறது என்பதை 2012-ல் அமெரிக்க எஃப்டிஏ லேபிளில் சேர்க்க வைத்தது. தற்கொலை எண்ணம் வரலாம் என்பதை 2025-ல் ஐரோப்பிய மருந்து முகமை உறுதி செய்தது. புராஸ்டேட் புற்றுநோய்க்கான பிஎஸ்ஏ அளவையும் இது பாதியாகக் காட்டும், டாக்டரிடம் சொல்லாவிட்டால் அவர் ஏமாந்துபோவார். மாத்திரை நிறுத்தி ஒரு மாதம் வரை ரத்த தானமும் கூடாது, அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்குப் போகலாம். இத்தனை விஷயம் இருக்கிற மருந்தைச் சத்து மாத்திரை என்று நினைக்க வைத்தது யார்? மருந்துக்கடைக்காரர் பாதி. மீதி, தலையைப் பார்த்து ஜாதகத்தைத் திருப்பிய நாம். ஊரிலேயே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. ஆனால் "சொட்டைக்கு டாக்டரா?" என்று சிரிப்பார்கள் என்ற வெட்கம் அவனை அங்கே போக விடவில்லை. இங்கே நம் பையன்களும் அதே வெட்கத்தில்தான், ஊரிலிருந்து வருகிறவர் பெட்டியில் அட்டை அட்டையாக வரவழைக்கிறார்கள். வீட்டில் கர்ப்பிணி இருக்கிறாளா என்று அந்தப் பெட்டி கேட்குமா?

கடைசியில் டாக்டரிடம் போனார்கள். தொட்டதில் உள்ளே போனது ரொம்பக் குறைவாகத்தான் இருக்கும், ஆனாலும் இனி வேண்டாம் என்றாராம். ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்வது நம் நாட்டில் சட்டப்படி குற்றம். அதனால் ஆறு மாதம் காத்திருந்தோம். எங்கள் வம்சத்திலேயே முதல்முறையாக, பொண்ணாப் பொறக்கட்டும் என்று சித்தி ஏழுமலையானிடம் வேண்டிக்கொண்டார்.

பெண்தான் பிறந்தது. நல்லபடியாக இருக்கிறாள். தம்பி திருமலைக்குப் போய் இருந்த முடியையும் கொடுத்துவிட்டு வந்தான். ஃபோட்டோ அனுப்பியிருக்கிறான், அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே மாதிரி மொட்டை.