கொதிக்கும் உள்ளமும் கேட்கும் செவியும்



பாரத் டைனமிக்ஸ், மிதானி முதலிய தொழிற்சாலைகளை நாடிக் காஞ்சன்பாக் வந்த நம்மவர் இல்லங்களில் ஒரு குறை உண்டு. வீட்டில் பூசலோ பெருந்துயரோ மூளுங்கால், ஊரிலென்றால் பெரியப்பா ஓடி வருவார். இங்கே யார் வருவார்? ஆகவே ஆற்றித் தணிக்கும் கலையை நாமே பயிலல் வேண்டும்.

சென்ற திங்கள் டிக்கெட் ஜன்னலில் ஒருவர் கூச்சலிட்டார். தாயார் அபாய நிலையில், வண்டியோ சென்றுவிட்டது. நான் விதிகளை எடுத்துரைத்தேன், கூச்சல் இரட்டித்தது. உடனிருந்த மூத்த குமாஸ்தா எழுந்து, தாழ்ந்த குரலில், அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று தெலுங்கிலேயே வினவினார். வந்தவர் அழுதுவிட்டார். அதன் பின்னரே அடுத்த வண்டியைப் பற்றிப் பேச முடிந்தது.

கொதிக்கும் உள்ளத்தில் நியாயம் ஏறாது. "அமைதியாயிரு" என அதட்டுதலும் வீண். கை எட்டாத தொலைவில், வாயிலை மறிக்காது நின்று, சிறு சொற்களால் பேசுக. இடைமறியாது கேட்டபின், இரண்டு வழிகளைக் காட்டி ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் செய்க. சாக எண்ணுகிறாரோ என்று ஐயமுண்டாயின் நேரே கேட்டுவிடுக. கேட்பதனால் அவ்வெண்ணம் முளைத்துவிடாது. சென்னையில் 1986 முதல் 'சினேகா' தொண்டர்கள் செய்துவருவதும் பெரிதும் இவ்வாறு செவிகொடுத்தலே.

ஆயுதம் கண்டால் விலகி, 112ஐ அழைக்க. மனத்துயருக்கு, மத்திய அரசு 2022 அக்டோபர் 10இல் தொடங்கிய டெலி மானஸ், 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் இலவசமாய்க் கிட்டும், தமிழிலும் பேசலாம். இவ்விரு எண்களையும் இன்றே நாட்காட்டியின் ஓரத்தில் குறித்து வைப்பீர்களாக.