ருஷ்ய இலக்கியமும் மட்டக்களப்பு எழுத்தாளர் கற்க மறந்த பாடமும்

இலக்கியம் காலத்தின் கண்ணாடி என்னும் வாசகம் மட்டக்களப்பின் இலக்கிய மேடைகளில் ஓயாது ஒலிப்பதாகும். அதனை உரைப்போர் தமக்குச் சான்றாகப் பெரிதும் ருஷ்ய இலக்கியத்தையே காட்டுவர். கோர்க்கியின் ‘தாய்’ நாவலை எடுத்துக்காட்டி, எழுத்தாளன் தன் சொந்தத் துயரை மறந்து பொதுத் துயரைப் பாடவேண்டும் என அறிவுரை கூறி அமர்வர். ருஷ்ய இலக்கியம் உண்மையில் இதனைத்தான் கற்பிக்கின்றதா என்பது விசாரணைக்குரியதாகும்.

மொஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் வெளியிட்ட தமிழ் நூல்கள் மிகக் குறைந்த விலையில் ஈழத்து வாசகரை வந்தடைந்தன. அவை செய்த நன்மை சிறிதன்று. உழைப்பாளியும் சாதியால் ஒடுக்கப்பட்டவனும் கதைக்குத் தலைமை தாங்கத் தகுதியுடையோர் என்னும் துணிவை அவை ஊட்டின. ஆயினும் அவை சோவியத் அரசின் பதிப்பகங்கள் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1934ஆம் ஆண்டின் எழுத்தாளர் மாநாட்டில் சோசலிச யதார்த்தவாதம் உத்தியோகபூர்வக் கொள்கையாக்கப்பட்டது. அரசு விலக்கிய நூல்கள் அப்பதிப்பகங்களின் வழியே வரவில்லை. வந்தவையே ருஷ்ய இலக்கியம் முழுவதும் என அன்று நம்பியது வாசகரின் குற்றமன்று. சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலான பின்னரும் அவ்வாறே நம்புவது சோம்பலேயாகும்.

விலக்கப்பட்டோருள் ஒருவர் அன்னா அக்மதோவா. 1930களில் மகன் கைதுசெய்யப்பட்டபோது, லெனின்கிராட் சிறைவாசலில் ஏனைய தாய்மாருடனும் மனைவியருடனும் மாதக்கணக்காக வரிசையில் நின்றவர் அவர். அந்த அனுபவத்திலிருந்து பிறந்த ‘இரங்கற்பா’ தாளில் எழுதிவைக்க அஞ்சி, நண்பர்களின் நினைவிலே காக்கப்பட்டது. 1963இல் மியூனிச் நகரில் அச்சேறிய அக்கவிதை, சோவியத் மண்ணில் 1987இலேயே வெளியாயிற்று. 1946இல் அவரை எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கியபோது கூறப்பட்ட குற்றங்களுள் ஒன்று, அவர் கவிதை தனிமனித உணர்வுக்குள் ஒடுங்கியது என்பதாகும். ஒரு தாயின் துயரைத் துல்லியமாக எழுதியமையாலேயே ஒரு நகரத்தின் துயர் காக்கப்பட்டது என்பதை அக்குற்றஞ்சாட்டியோர் உணர்ந்திலர்.

இக்குற்றச்சாட்டு மட்டக்களப்புக்கும் புதியதன்று. இங்கு நெடுங்காலம் ஆசிரியப் பணி புரிந்த எஸ். பொன்னுத்துரை ‘தீ’ நாவலிற் பாலியல் அனுபவத்தை வெளிப்படையாகப் பேசியபோது கடுங் கண்டனம் எழுந்தது. அந்நாவலின் கலைக் குறைகள் வேறு. எழுதப்பட்டது மெய்யா என்னும் கேள்விக்கு முன்னரே, எழுதத் தகுமா என்னும் கேள்வி எழுப்பப்பட்டதே இங்குச் சுட்டத்தக்கது. தன் அனுபவத்தை எழுதுபவனைத் ‘தனிமனிதப் புலம்பல்’ என ஒதுக்கும் பழக்கம் அன்று தொட்டு இன்றுவரை ஒழிந்தபாடில்லை.

அப்பழக்கத்தின் விலை 1990இல் தெரிந்தது. அவ்வாண்டு ஆவணி 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களிற் தொழுகையில் இருந்த நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். புரட்டாதி 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாய்த் தஞ்சமடைந்திருந்தோருள் 158 பேர் இராணுவத்தினராற் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமற்போயினர். நான்கு நாட்களின் பின்னர் சத்துருக்கொண்டானிலும் அயற்கிராமங்களிலும் நூற்றெண்பதுக்கு மேற்பட்ட தமிழர் இராணுவத்தினராற் கொல்லப்பட்டனர். இவையனைத்தும் 38 நாட்களுள், ஒரே வாவியின் அயலில் நிகழ்ந்தவை.

இவற்றுக்கு இலக்கியத்தின் பதில் யாது? கவிதைகளும் கதைகளும் எழுதப்பட்டன, நினைவுமலர்களும் வெளிவந்தன. ஆனால் அவற்றுட் பல, கொல்லப்பட்டவர் இன்னார் எனக் காட்டாது, ‘குருதி’, ‘விடியல்’, ‘வேள்வி’ என்னும் பொதுச்சொற்களால் நிரம்பின. வேறு சில, ‘மீன்பாடும் தேன்நாடு’ என்னும் பழம் பெருமைக்குள் ஒளிந்துகொண்டன. எல்லாவற்றிலும் பெரிய குறை, காத்தான்குடியின் துயரை முஸ்லிம்களும் சத்துருக்கொண்டானின் துயரைத் தமிழரும் தத்தம் சொத்தாகப் பங்கிட்டுக்கொண்டமையாகும்.

இங்கேதான் வசீலி குரோஸ்மன் நினைக்கப்பட வேண்டியவராகின்றார். யூதரான அவரின் தாயை 1941இல் பெர்டிச்சேவ் நகரில் நாசிகள் கொன்றனர். தாயிடமிருந்து இறுதிக் கடிதம் எதுவும் அவருக்குக் கிட்டவில்லை. ‘வாழ்வும் விதியும்’ நாவலில் ஒரு தாய் மகனுக்கு எழுதும் கடிதமாக அதனை அவரே படைத்தார். 1961இல் அந்நாவலின் கையெழுத்துப் பிரதிகளை அரசு கைப்பற்றியது. அதன் பின்னரும் அவர் ஓயவில்லை. தம் இறுதி நாவலில், 1932–33இல் உக்ரேனிய விவசாயிகள் பட்டினியால் மடிந்த கொடுமையை, அக்கொடுமைக்குத் துணைபோன ஒரு பெண்ணின் வாயாலேயே சொல்லவைத்தார். தன் தாயை இழந்தவன் பிறர் தாய்மாரின் துயரையும் எழுதினான். தன் தரப்பின் பாவத்தையும் எழுதினான். நவீன ருஷ்ய இலக்கியம் தரும் பாடம் இதுவேயாகும்.

தன் தரப்பின் குற்றத்தை எழுதுவது எதிரிக்கு வாளெடுத்துக் கொடுப்பதாகும் எனச் சிலர் வாதிப்பர். குரோஸ்மனுக்கும் இதுவே கூறப்பட்டது. ‘வாழ்வும் விதியும்’ நாவல் சோவியத் ஒன்றியத்தில் 1988இல் வெளியானபோது, அதனை எழுதியவர் இறந்து ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆகியிருந்தன. மறைக்கப்பட்ட உண்மை எந்த அரசையும் காக்கவில்லை, மக்களையும் காக்கவில்லை. கிழக்கிலும் முன்னுதாரணம் இல்லாமலில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது அதனைக் கவிதையாக்கியோருள் கல்முனைக்குடியிற் பிறந்த எம். ஏ. நுஃமானும் ஒருவர். அவ்வழியிற் பின்தொடர்ந்தோர் மிகச் சிலரே.

வந்தாறுமூலையின் ஒரே விரிவுரை மண்டபத்திற் தமிழ் மாணவரும் முஸ்லிம் மாணவரும் அருகருகே அமர்கின்றனர். 1990இல் தத்தம் வீட்டில் நிகழ்ந்ததை அவர்கள் ஒருவரிடமொருவர் கேட்டதுண்டா? கேட்டு, அதனைக் கேட்டவாறே எழுதத் துணிந்ததுண்டா? அதற்கு மொஸ்கோவிலிருந்து நூல் வரவேண்டியதில்லை. அடுத்த இருக்கையில் இருப்பவரின் பக்கம் திரும்பினாற் போதும். அதனைச் செய்யும்வரை, காலத்தின் கண்ணாடி என்னும் வாசகத்தை மேடைகளில் உரைக்கும் உரிமை எவருக்குமில்லை.